தெஹிவளையில் ஒரு புதிய தொடர்மாடி: சம்பளக்காரரின் கணக்கில் ஒரு மதிப்பீடு

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் எழும்பிக்கொண்டிருக்கும் பத்து மாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடொன்றை வாங்கலாமா என்று நானும் மனைவியும் அண்மையில் தீவிரமாக ஆராய்ந்தோம். அந்தக் கட்டடத்தின் மாதிரி வீடு, விற்பனைப் பிரிவு, ஒப்பந்தப் பத்திரம் ஆகிய மூன்றையும் பற்றியது இந்த மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை இதே அச்சில் வார்த்த விற்பனை முறைகள்தான் இருக்கின்றன என்பதால், பெயர் தெரிவதால் வாசகருக்குப் பெரிய பயனும் இல்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது. விற்பவர்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். ஆனால் பணம் செலுத்தும் அட்டவணையை ஒரு தடவை ஆறுதலாக வாசித்தால், மாதச் சம்பளத்தில் வாழும் முப்பது வயதுக்காரர் எவரையும் மனத்தில் வைத்து இந்த வீடு விற்கப்படவில்லை என்பது தெளிவாகிவிடும்.

தெஹிவளையை ஏன் தேடிப்போகிறோம் என்று கொழும்புத் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தை எப்போதோ கைமீறிப் போய்விட்டது. கால்வாயைத் தாண்டினால் சற்று மலியும் என்ற நம்பிக்கையில்தான் ஒரு தலைமுறையே தெற்கே நகர்ந்தது. 100, 101 ஆம் இலக்க பஸ்களும் கரையோர ரயிலும் கோட்டைக்கு நேரே கொண்டுபோய் விடுகின்றன. இவற்றைவிடப் பெரிய காரணம் பாடசாலை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியையோ இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியையோ மனத்தில் வைத்திருக்கும் பெற்றோருக்கு, முதலாம் தர அனுமதியில் வசிப்பிடத்தின் தூரத்துக்குப் புள்ளி உண்டு என்பதும், வாடகை ஒப்பந்தத்தைவிடச் சொந்தப் பெயரில் உள்ள உறுதிப் பத்திரத்துக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்பதும் நன்றாகத் தெரியும். ஆகவே இங்கே வீடு வாங்குவது ஆடம்பரம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

மாதிரி வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உள்ளே கால் வைத்ததும் விசாலமாகத் தெரிகிறது; ஏன் அப்படித் தெரிகிறது என்று பார்த்தால், அறைகளுக்குக் கதவே பொருத்தப்படவில்லை. அளவு நாடாவை எடுத்துப் பிடித்தபோது, பெரிய படுக்கையறையில் போட்டிருந்த கட்டிலின் அகலம் நான்கு அடிக்குச் சற்று மேல் மட்டுமே; அது தம்பதியர் படுக்கும் கட்டில் அல்ல. சுவரோடு பொருத்தியிருந்த அலுமாரியின் ஆழம் ஒன்றரை அடி. அதற்குள் சட்டைகளைக் கொழுவிவிட்டுக் கதவைச் சாத்த முடியாது. இரண்டாவது அறையில் கட்டிலுக்குப் பதிலாக ஒரு மேசையையும் கதிரையையும் போட்டு "வேலை அறை" என்று எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு தனிக் கட்டிலைப் போட்டால், ஜன்னலைத் திறக்கக் கட்டிலின் மேல் ஏறித்தான் நிற்க வேண்டும்.

குசினி வரவேற்பறைப் பக்கமாகத் திறந்து கிடக்கிறது. படத்தில் அது அழகு. மீன் பொரிக்கும் வீட்டில் அந்த வாடை சோபாவில்தான் போய்க் குடியிருக்கும். காஸ் சிலிண்டரை வெளியே வைப்பதற்கு ஒரு சிறிய இடம் ஒதுக்கியிருப்பது நல்ல யோசனை. உடுப்புக் காயவிடும் பால்கனி தனியாக இருப்பதும் நன்றே. கடற்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்துவிடும் என்பதை அறிந்து துருப்பிடிக்காத உருக்கைப் போட்டிருக்கிறார்கள். சாமித்தட்டு வைக்க எங்கே இடம் என்று மனைவி கேட்டதும், விற்பனைப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் கிழக்குப் பார்த்த சுவரொன்றைக் காட்டினார். தமிழ் வாடிக்கையாளரை நன்கு அறிந்த இடம்தான் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

விளம்பரத்தில் வீட்டின் பரப்பு 850 சதுர அடி. சுவருக்கு உட்பட்ட இடத்தை மட்டும் அறை அறையாக நாங்கள் அளந்து கூட்டியபோது ஏறக்குறைய 690 தான் வந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டபோது, வெளிச்சுவர், பால்கனி, நடைபாதையிலும் லிப்டிலும் எங்கள் பங்கு என்று விளக்கினார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, கேட்டால் சொல்கிறார்கள். கேட்காதவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சதுர அடி 45,000 ரூபா என்று அவர்கள் சொல்லும் விலையை, நாம் உண்மையில் நடமாடும் இடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் 55,000 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. வேறு கட்டடத்துடன் விலையை ஒப்பிட நினைப்பவர் எந்தப் பரப்பை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த அட்டவணைக்கு வருகிறேன். வீட்டின் முழு விலை 3 கோடி 82½ இலட்சம் ரூபா; வாகனத் தரிப்பிடம் வேறு. ஒப்பந்தம் எழுதும்போது 10 சதவீதம், கட்டடம் எழும்பும் இரண்டு வருடத்துக்குள் தவணைகளாக 70 சதவீதம், சாவி தரும்போது மீதி 20 சதவீதம். அந்த 70 சதவீதத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதமொன்றுக்கு 11 இலட்சத்துக்கு மேல் வருகிறது. எங்கள் இருவருடைய சம்பளமும் வரி, சேமலாப நிதி எல்லாம் கழிந்து கைக்கு வருவது மூன்றரை இலட்சம். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டுபவருக்கு விலையில் 10 சதவீதம் கழிவு உண்டு. அதாவது கையில் பணம் உள்ளவர் அதே வீட்டை எங்களைவிட 38 இலட்சம் மலிவாக வாங்குகிறார்.

இந்தக் கணக்கை நான் கடதாசியில் போட்டுக்கொண்டிருந்தபோது விற்பனைப் பெண் மெல்லக் கேட்டார்: "அண்ணா, வெளிநாட்டில ஆராவது உதவி செய்யினமா?" அவர் கேட்டதில் தவறில்லை. இந்தத் தொழிலில் அது முதலாவது கேள்வியாக இருக்க வேண்டியது; மரியாதைக்காகக் கடைசியில் கேட்டார். லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கும் அண்ணரோ மாமாவோ பணம் அனுப்ப, இங்கே இருப்பவரின் பெயரில் உறுதி முடிப்பது காலி வீதி நெடுகிலும் வழமை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் காணி எழுதுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்தியபோதும், நான்காம் மாடியும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு அது விலக்களித்தது. 2022 இல் ரூபா சரிந்தபின் பவுணில் உழைப்பவரின் கைப்பலம் எவ்வளவு கூடியது என்பதையும் நாம் கண்டோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் குடும்பத்திலும் அப்படி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விலையைத் தீர்மானிப்பது அந்தப் பணம் என்றால், இங்கேயே உழைத்து இங்கேயே வாழ்பவர் அந்த ஏலத்தில் எப்போதும் கடைசி ஆள்தான்.

வங்கிக் கடன் இந்த இடைவெளியை நிரப்பாதா என்று கேட்கலாம். எங்கள் வங்கி, கையில் வரும் வருமானத்தின் பாதி வரையே மாதக் கட்டுப்பணமாக ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு அது 1 இலட்சத்து 75 ஆயிரம். 12 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு கோடி ரூபா கடன் எடுத்தால் மாதம் 1 இலட்சத்து 10 ஆயிரம் கட்ட வேண்டும் என்பதால், எங்களுக்குத் தேறும் கடன் ஏறத்தாழ 1 கோடி 59 இலட்சம் மட்டுமே. மீதி 2 கோடி 23 இலட்சத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒரு இலட்சம் தவறாமல் சேமித்தாலும் அதற்குப் பதினெட்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை விலை அசையாமல் நிற்கப் போவதில்லை.

வட்டியும் நிற்காது. முதல் சில வருடங்களுக்கு மட்டுமே நிலையான வட்டி. அதன்பின் சந்தை வீதத்தோடு ஏறியிறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதும், அந்த வருட முடிவில் கடன் வட்டி எங்கே போய் நின்றது என்பதும் மறக்கக்கூடியவை அல்ல. 12 சதவீதம் 25 ஆக ஏறினால் அதே ஒரு கோடிக்கான கட்டுப்பணம் 2 இலட்சத்து 10 ஆயிரத்தைத் தொடும். 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கி இப்போது மூச்சுவிடக் கூடிய நிலையில் இருப்பது உண்மைதான். இருபது வருடக் கடன் எடுப்பவர் இரண்டு நிலைமைகளுக்கும் கணக்குப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு, அதை விற்பனை நிலையத்தில் நாமாகக் கேட்கும்வரை யாரும் வாய்திறக்கவில்லை. கட்டி முடியாத வீட்டுக்குப் பொதுவாக உறுதி கிடைப்பதில்லை. தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கட்டடத்தின் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகே ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகிறது. அதற்குமுன் அதை அடமானம் வைக்க முடியாது. கட்டடக்காரர், வாங்குபவர், வங்கி மூவரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் ஒன்றை எழுதினால் கட்டும் காலத்திலேயே கடனை விடுவிக்க வங்கிகள் சம்மதிப்பதுண்டு. இந்த நிறுவனத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு எங்கள் வங்கியோடு இல்லை. "தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், இதுவரை சொல்லவில்லை. அப்படியானால் கடன் கிடைக்கும் நாளில், விலையின் ஐந்தில் நான்கு பங்கை நாம் ஏற்கெனவே கட்டி முடித்திருக்க வேண்டும். இளம் வாங்குநருக்கு இந்த விற்பனைமுறை செய்யும் மிகப்பெரிய அநியாயம் இதுவே என்பது என் கருத்து; விலை அதற்கு அடுத்தபடிதான்.

மேலதிகச் செலவுகளும் சிறியவை அல்ல. மேல் மாகாணத்தில் ஆதனம் கைமாறும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாகும். இந்த விலைக்கு அது 15 இலட்சத்தைத் தாண்டும், நொத்தாரிசின் கூலி வேறு. அரசாங்க வரிகளில் ஏற்படும் எந்த மாற்றமும் வாங்குபவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. 2022 மே மாதம் 8 சதவீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 ஆக நின்ற நாட்டில் அந்த ஒரு வாசகத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. மாதப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் அறவிடப்படும். அதற்கும் 850 தான் கணக்கு, 690 அல்ல.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி, காணியின் மூல உறுதி, அதன் பதிவேட்டுப் பிரதி ஆகியவற்றைக் கேட்ட மறுநாளே அனுப்பினார்கள். எங்கள் நொத்தாரிசு அவற்றில் குறை காணவில்லை. கீழ்மாடி வீடுகளின் ஒரு பக்க ஜன்னல் அயல் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். தொலைபேசியில் துரத்தித் துரத்தித் தொல்லை கொடுக்கவில்லை. இதே வீதியில் இன்னொரு இடத்தில், உறுதி எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கே முகம் சுழித்தார்கள். கட்டடம் முடிந்து பல வருடமாகியும் தனி உறுதி இல்லாமல், பிரிக்கப்படாத காணிப் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் அடகு வைக்கவும் முடியாமல் இருப்பவர்கள் வெள்ளவத்தையில் குறைவில்லை. அதனால்தான் இந்தப் பத்திரங்களுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன்.

மாற்றுவழி என்று ஹோமாகமையையும் பிலியந்தலையையும் எல்லோரும் காட்டுகிறார்கள். பத்து பேர்ச் காணி அங்கே எங்கள் கைக்கு எட்டும். ஆனால் அதன்மேல் வீடு கட்ட வேண்டும், காலையும் மாலையும் பஸ்ஸில் கழிய வேண்டும், தமிழ்மொழிப் பாடசாலைக்கு மீண்டும் காலி வீதிக்கே பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அது சரிவராது.

நாங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது நெதிமாலப் பக்கத்தில், லிப்ட் இல்லாத பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. சுவருக்குள் 700 சதுர அடி, கடற்காட்சி கிடையாது, குளியலறைத் தரையை மாற்றியே ஆக வேண்டும். கேட்கும் விலை 1 கோடி 95 இலட்சம். பதிவான வரைபடமும் தனி உறுதியும் இருப்பதால் வங்கி 70 சதவீதம் வரை தரத் தயார். மாதக் கட்டுப்பணம் ஒன்றரை இலட்சம். நாம் போட வேண்டியது 58½ இலட்சமும் முத்திரைத் தீர்வையாக ஏறக்குறைய 8 இலட்சமும். வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்து மதித்தால் அந்தத் தொகை இன்னும் ஏறும். ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை எடுக்கப் பத்து வருடச் சேவை வேண்டும் என்பதால் அது எங்களுக்கு இல்லை. நிதியில் சேர்ந்திருக்கும் தொகையைப் பிணையாக வைத்துக் கடன் எடுக்கலாம். மனைவியின் நகை சிலவும் போகும். இருந்தாலும் இது போடக்கூடிய கணக்கு.

புதிய கட்டடத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து முழுப் பணத்துடன் வருபவருக்கும், பழைய வீட்டை விற்றுவிட்டு லிப்ட் உள்ள இடத்துக்கு மாற விரும்பும் ஓய்வுபெற்றவருக்கும் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். சம்பளக்காரர்கள் போய்ப் பார்ப்பதானால் முத்தரப்பு ஒப்பந்தம் எந்த வங்கியோடு இருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். முன்பதிவுக்குக் கேட்கும் பணம், கடன் மறுக்கப்பட்டால் திரும்பி வரும் என்று ரசீதிலேயே எழுதித் தராவிட்டால் ஒரு சதமும் கட்டாதீர்கள்.