வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்: இனி வேலைத்தளமா, கன்சல்டன்சியா, தெரிந்தவரா?

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏழு வருடம் சரக்கின் தரம் பார்க்கும் க்யூசி இன்ஸ்பெக்டராக இருந்தேன். நான் பாஸ் செய்த ஒரு லாட் சரக்கு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. விசாரணை என்று உட்காரவைத்தார்கள், பிறகு டிஸ்மிஸ் ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த வேலைக்கு நான்கு மாதம் அலைந்தேன். எல்லோரும் சொல்லும் மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்தவன் என்பதால், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். ராஜினாமா செய்தவருக்கு இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். நீக்கப்பட்டவருக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் நௌக்ரி போன்ற வேலைத்தளங்கள். இங்கே நமக்கு ஒரு சாதகம் உண்டு. மற்றவர்கள் இரண்டு மூன்று மாத நோட்டீஸ் பீரியடில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், நாம் நாளைக்கே சேரலாம். 'உடனே சேர முடியும்' என்று போட்டுவிட்டு, சில நாளுக்கொரு முறை விவரங்களைப் புதுப்பித்தால் அழைப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் போனில் வரும் இரண்டாவது கேள்வியே "ஏன் சார் அங்கிருந்து வந்துட்டீங்க?" என்பதுதான். நம்மை முன்பின் தெரியாத ஒருவருக்கு, அரை நிமிடத்தில் அந்த ஏழு வருடத்தையும் அந்த ஒரு லாட்டையும் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. பதினோரு அழைப்புகளில் ஒன்பது அங்கேயே நின்றன. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களும் கட்டணமில்லாதவை. முகாமில் நேருக்கு நேர் பேசலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் நான் போனவற்றில் பெரும்பாலும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான இடங்களே இருந்தன.

கன்சல்டன்சியைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பதிவுக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனியிடம் பணம் வாங்குவதுதான் முறையான தொழில். நான் போன இடத்தில் பணம் கேட்கவில்லை, அதைவிட மோசமான யோசனை ஒன்றைக் கொடுத்தார்கள்: "சொந்தக் காரணத்துக்காக ராஜினாமான்னு போட்டுடுங்க, யாரும் பாக்கப் போறதில்ல." வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. போட்டுவிட்டேன். இன்டர்வியூ முடிந்தது, சம்பளமும் பேசியாயிற்று. பிறகு ரிலீவிங் லெட்டர் கேட்டார்கள், என்னிடம் இல்லை. பழைய இடத்து ஹெச்ஆருக்கே போன் போட்டுவிட்டார்கள். அத்தோடு அந்த வேலை போயிற்று. நீக்கப்பட்டவன் என்பதற்காக அல்ல, பொய் சொன்னவன் என்பதற்காக. நம் பிஎஃப் கணக்கின் யூஏஎன் எண்ணில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதிவரை இருந்தோம் என்பது பதிவாகியிருக்கும் காலம் இது. மறைக்கவே முடியாததை மறைக்கச் சொல்லும் வழி எனக்கு வேண்டாம்.

தெரிந்தவரிடம் போவதற்கு மூன்று மாதம் கூச்சப்பட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் புஷ் (இயந்திரங்களில் தண்டு சுழல வைக்கும் உருளை வளையம்) தயாரிக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். எங்களுக்குச் சப்ளை செய்தவர், அவருடைய சரக்கையே எத்தனையோ முறை ரிஜெக்ட் போட்டிருக்கிறேன். அவருடைய ஆபீசுக்குப் போனதும் மேஜை டிராயரைத் திறந்து, நான் சிவப்பு மார்க்கரில் வட்டமிட்டுத் திருப்பிய புஷ் ஒன்றை எடுத்து வைத்தார். உள்விட்டம் இருபது மைக்ரான் கூடியிருந்த பீஸ். "இத நீங்க பிடிக்கலேன்னா நான் ஒரு கஸ்டமரையே விட்டிருப்பேன் தம்பி. அந்த லாட்ல என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றார். அரை மணி நேரம் சொன்னேன். என் பக்கத்துத் தவறையும் சேர்த்துத்தான் சொன்னேன். சம்பளம் பழையதைவிட மூவாயிரம் குறைவு, கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் கிடையாது. தெரிந்தவர் என்பதால் கறாராகப் பேரம் பேசவும் முடியாது; இந்த வழியின் குறை அது. ஆனாலும் நம் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் மட்டும்தான் டிஸ்மிஸ் என்ற சொல் கதவை அடைப்பதில்லை. மூன்றில் எதற்கு என் ஓட்டு என்றால் இதற்குத்தான். உறவினரைவிட, கூட வேலை பார்த்தவர், சப்ளையர், கஸ்டமர் பக்கத்து ஆள் என்று தொழிலில் தெரிந்தவரை முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் காத்திருக்கக் காசு வேண்டும். இஎஸ்ஐயில் வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை சராசரி தினக்கூலியில் 50 சதவீதம் தரும் திட்டம் ஒன்று உண்டு. ஆட்குறைப்பில் போனவர்கள் அதை விசாரியுங்கள். ஒழுங்கீனம் என்று எழுதி நீக்கப்பட்ட என் போன்றவர்களுக்குக் கிடையாது. நான் பிஎஃப் எடுத்துத்தான் சாப்பிட்டேன். ஐந்து வருட சர்வீஸ் முடியாதவர்கள் எடுத்தால் வரியும் கணக்கில் வரும்.

புது வேலையில் சேர்ந்தால், நீக்கியதை எதிர்த்துப் பழைய இடத்தின் மேல் போட்ட வழக்கு செத்துவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. வேறு இடத்தில் சம்பாதித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், வழக்கில் ஜெயித்தால் கிடைக்கக்கூடிய அந்தக் காலத்துப் பின்சம்பளம் குறையலாம், அவ்வளவுதான். ஆனால் வழக்குப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 ஆண்டு.

என் வழக்கு இன்னும் நடக்கிறது. அம்பத்தூர்க்காரருக்கு அதுவும் தெரியும். வாய்தா நாளில் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் போட்டுக் கொடுக்கிறார்.