பிளாக்சிஸில் தண்ணீர்க் கணக்கு: பதினொரு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் அடித்தளங்களுக்கான ஆழ அகழ்வுகளுக்குத் தாங்குசுவர் வடிவமைக்கும் வேலையில், மண்ணின் அழுத்தங்களையும் நகர்வுகளையும் கணக்கிடும் பிளாக்சிஸ் 2டி மென்பொருளைப் பதினொரு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1987இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கி, 2018இல் பென்ட்லி நிறுவனத்திடம் சென்ற இந்த மென்பொருளில் மண்ணின் நடத்தையைக் குறிக்கும் கணித மாதிரிகளைப் பற்றிப் பலரும் விரிவாகப் பேசுகிறார்கள். நான் அதன் நிலத்தடி நீர்ப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் கணக்குகளில் நேர்ந்த பெரிய பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நேர்ந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட மென்பொருள் செய்யவில்லை, எல்லாம் நான் கொடுத்த தரவுகளின் விளைவே.

புதிய அகழ்வு ஒன்றைத் தொடங்குமுன் நான் தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டம் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அகழ்வு 10 மீட்டர். டயாப்ரம் சுவரின் (தோண்டுமுன்பே மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் சுவரின்) அடிநுனி 16 மீட்டரில் நிற்கிறது. மண் முழுவதும் ஒரே மணல். உள்ளே நீர்மட்டம் அகழ்வின் அடிமட்டத்தில் பராமரிக்கப்படுகிறது. ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் இருபுறமும் நிலைநீர் அழுத்தத்தை வைத்தால், சுவரின் அடிநுனியில் வெளிப்புறம் 140 கிலோபாஸ்கலும் உட்புறம் 60 கிலோபாஸ்கலும் வரும். சுவர் முடிந்துவிட்ட ஒரு புள்ளியில், மணலுக்குள், இரண்டு வெவ்வேறு அழுத்தங்கள் இருக்க வழியில்லை. நீர் வெளியே 14 மீட்டர் இறங்கி, உள்ளே 6 மீட்டர் ஏறுகிறது என்று கொண்டு, 8 மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டை 20 மீட்டர் பாதையில் சீராகப் பகிர்ந்தால் சரிவு 0.4 ஆகிறது, அடிநுனியில் இருபுறமும் 84 கிலோபாஸ்கல் என்று பொருந்தி வருகிறது.

இதன் முதல் பாதி எல்லோருக்கும் பிடிக்கும்: சுவரைத் தள்ளும் நிகர நீரழுத்தம் குறைகிறது. இரண்டாம் பாதியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். உள்ளே மேல்நோக்கி வரும் நீர் மண்ணின் எடையைத் தாங்கிக்கொள்வதால், அடிநுனி மட்டத்தில் உட்புறப் பயனுறு தகைவு, அதாவது நீரழுத்தம் போக மண்துகள்கள் தாமே தாங்கும் அழுத்தம், 60இலிருந்து 36 கிலோபாஸ்கலாக இறங்கிவிடுகிறது. சுவரின் கால் நம்பியிருக்கும் எதிர்ப்பு மண்ணழுத்தம் அதே அளவில், அதாவது நாற்பது விழுக்காடு, குறைகிறது. கசிவின் நன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு தீமையை விட்டுவிட்ட வடிவமைப்புகளை நான் சரிபார்ப்புக்கு வந்த கோப்புகளில் பார்த்திருக்கிறேன். என் முதல் ஆண்டுக் கோப்பு ஒன்றிலும் அது இருந்தது.

இனி மென்பொருளுக்கு வருவோம். நீரழுத்தத்தை உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. நீர்மட்டக் கோட்டை வரைந்து நிலைநீர் அழுத்தத்தை ஏற்றுவது எளிய வழி. இதில் தோண்டிய பகுதியை 'உலர்ந்தது' என்று குறித்துவிட்டு, அதன் கீழுள்ள மண்ணை அப்படியே விட்டுவிடுவது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. கீழ் மண்ணில் பழைய நீர்மட்டமே நீடிப்பதால், மேலே கூறிய அகழ்வின் அடிமட்டத்தில் 80 கிலோபாஸ்கல் அழுத்தம் திடீரென்று வந்து நிற்கும். அகழ்வின் அடி நம்ப முடியாத அளவுக்கு மேலெழும். நாம் மண்ணின் விறைப்பைக் குறைகூறிக்கொண்டிருப்போம். மணலில் நான் இந்த வழியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிலையான நீரோட்டக் கணக்கீடே என் வழக்கம். முன்பு ஓட்டத்துக்கென்று தனித் தொகுதி இருந்தது. இப்போது அது உருக்குலைவுக் கணக்குடன் ஒரே இடத்தில் நடப்பது பெரிய வசதி.

ஆனால் வசதியோடு எல்லை நிபந்தனைகளும், அதாவது மாதிரியின் ஓரங்களில் நீர் நுழையலாமா கூடாதா என்ற விதிகளும், வருகின்றன. இயல்பு அமைப்பில் மாதிரியின் அடி மூடியும் பக்கங்கள் திறந்தும் இருக்கும். அகழ்வு சமச்சீராக இருந்ததால் நான் பாதியை மட்டும் வரைந்தேன். சமச்சீர் அச்சை, அதாவது குழியின் நடுக்கோட்டை, நீரோட்டத்துக்கு மூட மறந்தேன். கணக்கு எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் முடிந்தது. வெளியேற்ற வேண்டிய நீரின் அளவைப் பார்த்து நான் பம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஓட்ட அம்புகளின் படத்தை எட்டிப் பார்த்த மூத்த பொறியாளர் கேட்டார்: "குழிக்கு நடுவில் கிணறு ஏதாவது வெட்டியிருக்கிறீர்களா, தம்பி?" அன்றிலிருந்து எண்களைப் பார்க்குமுன் அம்புகளைப் பார்க்கிறேன்.

இன்னொரு பிழை நுட்பமானது. இந்த மென்பொருளில் சுவரைக் குறிக்கும் தகடு நீரைத் தடுப்பதில்லை. தகட்டின் இருபுறமும், சுவரும் மண்ணும் தொடும் பரப்பைக் குறிக்கும் இடைமுகமே தடுக்கிறது. அடிநுனியில் தகைவுகள் செயற்கையாகக் குவிவதைத் தவிர்க்க இடைமுகத்தைச் சுவருக்குக் கீழேயும் சற்று நீட்டுவோம். அந்த நீட்சியை ஓட்டத்தில் செயலற்றதாக்காவிட்டால், இல்லாத சுவர் ஒன்று நீரைத் தடுக்கும். ஒரு மீட்டர் நீட்டினால் பாதை 20இலிருந்து 22 மீட்டராகிறது. சராசரிச் சரிவு 0.4இலிருந்து 0.36 ஆகிறது. வித்தியாசம் சிறிது, ஆனால் அது பாதுகாப்பற்ற பக்கத்தில் இருக்கிறது, படத்தில் கண்ணுக்கும் தெரியாது.

பக்க எல்லையின் தூரத்தையும் சொல்ல வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பயனுறு விட்டம் (எடையில் பத்து விழுக்காடு துகள்கள் இதைவிடச் சிறியவை) கொண்ட மணலுக்கு ஹேசன் சூத்திரம் வினாடிக்கு 0.0001 மீட்டர் ஊடுருவுதிறன், அதாவது நீரைக் கடத்தும் திறன், தருகிறது. 8 மீட்டர் நீர் இறக்கத்துக்கு, சிச்சார்ட் சூத்திரப்படி பாதிப்பு ஆரம், அதாவது நீர்மட்டம் தாழ்வது எட்டும் தூரம், 240 மீட்டர். இரண்டுமே தோராயமான சூத்திரங்கள்தாம். இருந்தாலும், 40 மீட்டரில் எல்லையை வைத்து அங்கே நீர்மட்டம் மாறாது என்று எழுதுபவர், குழிக்குப் பக்கத்தில் வற்றாத ஏரி ஒன்றைக் கட்டிவிடுகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வெளிப்புற நீர்மட்டம் நிலமட்டத்திலேயே நிற்கும் நிலையையும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

ஊடுருவுதிறனைப் பற்றி நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. நிலையான ஓட்டத்தில், ஒரே சீரான மண்ணில், நீரழுத்தப் பரவல் ஊடுருவுதிறனின் அளவைச் சார்ந்திருப்பதில்லை. அதைப் பத்து மடங்கு தவறாகக் கொடுத்தால் பம்பின் கணக்கு பத்து மடங்கு தவறும், சுவரின் கணக்கு அசையாது. அடுக்குகளுக்கு இடையிலான விகிதம் தவறினால் கதை வேறு. மணலுக்கு நடுவே அரை மீட்டர் களிமண் படலம் இருந்தாலும் நீர்மட்ட இழப்பில் பெரும்பகுதி அதன் குறுக்கே நிகழ்ந்துவிடும். ஆகவே ஆய்வறிக்கையில் மூன்று தசம இடங்களோடு தரப்படும் ஊடுருவுதிறனைவிட, துளைப் பதிவில் 'மெல்லிய களிமண் பட்டை' என்று போகிற போக்கில் எழுதிய குறிப்புக்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

களிமண்ணில் கேள்வி காலத்தைப் பற்றியது. நீர் வடியாத நிலையைக் கணக்கிட மென்பொருள் ஏ, பி, சி என்று மூன்று முறைகள் தருகிறது. பயனுறு வலிமை எண்களைக் கொடுக்கும் ஏ முறையை மோர்-கூலம் என்ற எளிய மண் வலிமை மாதிரியோடு மென்மையான களிமண்ணில் பயன்படுத்தினால், வடியா வலிமை உண்மையைவிட அதிகமாக வரும். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலை அருகே மெட்ரோ அகழ்வு சரிந்து நால்வர் இறந்தபோது, தாங்குசட்டங்களின் இணைப்புக் குறைபாட்டோடு இந்த முறைத் தேர்வும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. கடினமான களிமண்ணில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது: மேல்மண்ணை அகற்றியதும் நுண்துளை நீரழுத்தம் எதிர்மறையாகிக் களிமண்ணுக்குத் தற்காலிக வலிமை தரும், பிறகு மெல்ல வடிந்துவிடும். ஒரு கட்டடத்தில் 9 மீட்டர் தோண்டிய நிலையில் வேலை நான்கு மாதம் நின்றது. யாரும் ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை. சுவரின் பக்கவாட்டு நகர்வை அளக்கும் இன்கிளினோமீட்டரின் அளவு மட்டும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஓட்டமும் உருக்குலைவும் இணைந்த கணக்கீட்டைப் பயன்படுத்திய பிறகே அந்த நகர்வின் போக்கு பிடிபட்டது. நேரம் அதிகம் எடுக்கும், அடுக்குகளின் ஊடுருவுதிறன் இங்கே உண்மையிலேயே தேவைப்படும். ஆனாலும் வேலை நிற்கக்கூடிய இடங்களில் இப்போது அதைத் தவிர்ப்பதில்லை.

கிண்டி பக்கம் சார்னோகைட் பாறைக்குள் இறங்கும் அகழ்வுகளில் மட்டும் ஓட்டக் கணக்கின் விடையை நான் வடிவமைப்பில் நேரடியாக எடுப்பதில்லை. அங்கே நீர் பாறை முழுவதும் பரவி வராமல், ஓரிரு பிளவுகளின் வழியே வருகிறது. தொடர் ஊடகமாகக் கொள்ளும் மாதிரிக்கு அந்தப் பிளவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. லூஜியான் சோதனை (துளைக்குள் நீரை அழுத்திப் பாறை எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பது) முடிவுகளை மேசையில் வைத்துக்கொண்டு, நீரழுத்தம் அளக்கும் பைசோமீட்டர்களைச் சுவருக்கு வெளியே கூடுதலாகப் பொருத்தச் சொல்லி, ஒரு பம்பை உபரியாகக் கேட்டு வாங்கி வைக்கிறேன்.