ஈஸ்ட் ஹாமா, ஹாரோவா?

லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம், வடமேற்கே ஹாரோ; எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? அங்கே குடிவரும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

வீடு: ஈஸ்ட் ஹாமில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஹாரோவில் தோட்டத்தோடு கிடைக்கும், பணமும் கூடுதலாக வேண்டும்.

ரயில்: லண்டனில் ரயில் கட்டணம் மண்டலக் கணக்கு; நகர மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக எண் கூடும். ஈஸ்ட் ஹாம் 3, 4 மண்டல எல்லையில், ஹாரோ 5-இல். ஹாரோவிலிருந்து தினமும் நகருக்குள் போகிறவருக்குச் செலவு ஏறும்.

அக்கம்பக்கம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டே தமிழ், வங்காளம், உருது மூன்றையும் கேட்கலாம். கடைக்காரரே அறை காலியான தகவல் சொல்வார். முருகன் கோயில் பக்கத்து மேனர் பார்க்கில். ஹாரோவில் குஜராத்திகள், ஈழத்தமிழர்கள், ருமேனியர்கள்; பழக்கம் பெரும்பாலும் பள்ளி வாசலில்தான் தொடங்கும்.

தனியாக, புதிதாக வருகிறவர் தயங்காமல் ஈஸ்ட் ஹாம் போகலாம். பிள்ளைகளோடு நிலைத்து வாழ நினைப்பவருக்கு ஹாரோ.