பத்து அங்குல வார்ப்பிரும்பு வாணலி: எட்டு மாத வறுவலுக்குப் பின்

அலுவலகம் முடிந்து கோவையின் நெரிசலைக் கடந்து வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழைத் தாண்டிவிடும். காலையில் வைத்த ரசமோ பருப்போ இருக்கும், குக்கரில் சாதமும் ஏறிவிடும்; தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாளாவது உருளைக்கிழங்கு வறுவல்தான் விடை. அந்த ஒன்றுக்காகவே சென்ற தீபாவளியை ஒட்டி இணையத்தில் ஒரு வார்ப்பிரும்பு வாணலி வாங்கினேன். பத்து அங்குல வாய், தட்டையான அடி, இரு பக்கமும் சிறு காதுகள், சமையலறைத் தராசில் வைத்தபோது இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். எட்டு மாதம் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் ஒற்றை நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன்.

பெட்டியின் மேல் "பழக்கப்பட்டது, உடனே சமைக்கலாம்" என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி அன்று இரவே கிழங்கை நறுக்கிப் போட்டேன். இரண்டாவது முறை புரட்டும்போதே துண்டுகளின் அடிப்பாகம் வாணலியோடு தங்கிவிட்டது. மேல்பாகம் மட்டும் தோசைத்திருப்பியோடு வந்தது. சுரண்டி எடுத்த பொருக்கைத் தட்டில் ஒரு பக்கமும் உடைந்த மாவுக்கிழங்கை மறுபக்கமும் வைத்துச் சாப்பிட்டோம். விற்பனையாளருக்கு எழுதினேன்; எண்ணெயைக் கூடுதலாக ஊற்றச் சொல்லி ஒரு வரியில் பதில் வந்தது. ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "புதுக் கல்லுல மொத நாளே உருளக்கெழங்கப் போட்டா ஒட்டாம என்ன பண்ணும் கண்ணு?" என்று கேட்டதில் இருந்த நியாயம் பெட்டியின் அட்டையில் இல்லை.

வாணலியைப் பழக்குவது என்பது மந்திரம் அன்று. எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தது போல மிக மெல்லிதாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கினால், அந்த எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய ஒரு கெட்டியான படலமாக மாறுகிறது. இப்படிப் பல படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பொருள் ஒட்டாது. என் வாணலியின் உள்பரப்பு மணல் அச்சின் சொரசொரப்பு மாறாமல் வந்திருந்ததால் அந்தப் படலம் பிடிக்க நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து முறை எண்ணெய் தடவிக் காய்ச்சினேன், அடுத்த பத்து நாள்கள் வெங்காயம் வதக்கவும் முட்டை பொரிக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்தினேன். அதன் பிறகே கிழங்கு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. வேலைக்குப் போகிறவர்களை நம்பி விற்கும் பொருளில் இந்தப் பத்து நாள் கணக்கை மறைத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பழகிய பிறகு கதை வேறு. உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மெல்லிய அலுமினியச் சட்டியில் குளிர்ந்த கிழங்கைக் கொட்டியவுடன் சட்டியின் சூடு இறங்கிவிடுகிறது. வெளியேறும் நீர் ஆவியாக முடியாமல் அடியில் தங்க, கிழங்கு வறுபடாமல் வேகிறது, கசிந்த மாவு பசைபோல் ஒட்டுகிறது, நாம் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். பொன்னிறம் வரவேண்டுமானால் துண்டின் மேற்பரப்பு நீரின் கொதிநிலையைத் தாண்டி ஏறத்தாழ 140 பாகை செல்சியஸுக்குப் போகவேண்டும். கனத்த இரும்பு தன் எடையில் தேக்கி வைத்திருக்கும் வெப்பம் அந்த முதல் அடியைத் தாங்கிக்கொள்கிறது. கிழங்கைப் போட்ட பின்னும் "சுர்ர்" என்ற ஓசை நிற்பதில்லை. அதற்கு ஈடாக ஒரு குறையும் உண்டு. இரும்பு வெப்பத்தை மெதுவாகவே பரப்பும் என்பதால், சிறிய அடுப்பில் வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்திருக்கும். பெரிய அடுப்பில், மிதமான தீயில், நான்கு நிமிடம் வெறுமனே காய விடவேண்டும். அந்த நேரத்தில்தான் நான் கிழங்கை நறுக்குகிறேன்.

வறுவலுக்கு ஆகும் நேரத்தைப் பல முறை கடிகாரம் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். 400 கிராம் கிழங்கைத் தோலோடு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இருமுறை அலசி மேல்மாவைப் போக்கி, துணியால் நன்றாக ஒற்றிவிடுகிறேன். இந்த ஒற்றலைச் சோம்பலால் விட்ட நாள்களில் எந்த வாணலியும் காப்பாற்றியதில்லை. இரண்டு மேசைக்கரண்டிக் கடலை எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் தாளித்து, கிழங்கை மஞ்சள்தூளோடு ஒரே அடுக்காகப் பரப்பி, ஐந்து நிமிடம் மூடி வைப்பேன். பிறகு மூடியை எடுத்துவிட்டு எட்டு நிமிடத்தில் மூன்றே முறை புரட்டுவேன். நிமிடத்துக்கு ஒருமுறை கிளறும் பழக்கத்தை விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தொடாமல் விட்டால்தான் அடிப்பக்கம் பொருக்காகி வாணலியிலிருந்து தானாக விடுபடுகிறது. உப்பு முன்னதாகவே சேர்ந்தால் நீர் விடும் என்பதால் அதைப் பாதியில் போடுகிறேன். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் தீயை அணைத்த பிறகு. இரும்பில் தேங்கியிருக்கும் சூடே அவற்றின் பச்சை வாசனையைப் போக்கப் போதும், தீயோடு போட்டால் தூள் கருகி நெடி ஏறும். வாணலியை ஏற்றியதிலிருந்து தட்டில் விழும்வரை பதினெட்டு நிமிடங்கள். பழைய சட்டியில் இதே அளவுக்கு அரைமணி நேரமும் இருமடங்கு எண்ணெயும் ஆயின.

இந்த வாணலி கிழங்கின் தரத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக எங்கள் சந்தைக்கு வரும் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு துண்டின் முனை மழுங்காமல் சீராகச் சிவக்கிறது. ஒரு முறை கிழங்கை இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து வறுத்தேன். நான்காம் நிமிடத்திலேயே வெளியே அடர்பழுப்பாகி உள்ளே கடுக்கென்றிருந்தது, சுவையிலும் ஒரு தித்திப்பு. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அந்தச் சர்க்கரைதான் அவசரமாகக் கருகுகிறது. இந்தச் சர்க்கரை கூடினால் வறுக்கும்போது கூடுதலாக உண்டாகும் அக்ரிலமைடு என்ற, உடலுக்குத் தீங்கு தரக்கூடிய வேதிப்பொருள் வறுத்த கிழங்கில் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்த பிறகு, கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பல உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லிவருவதும் இதனால்தான். கனத்த இரும்பு அடுப்பை அணைத்த பின்னும் வறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நிறம் ஒரு படி குறைவாக இருக்கும்போதே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவேண்டும்.

அங்கேதான் என் பெரிய மனக்குறை வருகிறது. நிறைந்த வாணலி மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிறது, காதுகளோ இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இருக்கின்றன, அவையும் உடம்போடு சேர்ந்து கொதிக்கின்றன. பிடிதுணியோடு அந்தக் காதைப் பிடிக்கவே முடியாது, இடுக்கியும் நழுவுகிறது. நான் வாணலியைத் தூக்குவதை விட்டுவிட்டு அகப்பையால் அள்ளி எடுக்கிறேன். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் நீண்ட கைப்பிடியும் எதிர்ப்புறம் காதும் உள்ள வடிவத்தைத்தான் தேடவேண்டும். மூடி தரவில்லை, தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்துச் சமாளிக்கிறேன்.

பராமரிப்பைப் பற்றி அஞ்சத் தேவையில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். ஒரு நாள் என் கணவர் உதவி செய்வதாக நினைத்து இரவு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார். காலையில் உள்பக்கம் முழுவதும் செந்துரு. மறுபடி இரண்டு முறை எண்ணெய் காய்ச்ச வேண்டியதாயிற்று. வெந்நீரில் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஏற்றி ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும், மூன்று நிமிட வேலை. புளியும் தக்காளியும் அந்தப் படலத்தை அரிக்கும், குழம்பில் இரும்பு வாடையும் ஏறும் என்பதால் காரக்குழம்புக்கு இதை எடுப்பதில்லை.

ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கலாமே என்று தோழிகள் கேட்கிறார்கள். அக்கா வீட்டில் அதில் செய்து பார்த்தேன். விரல் நீளத் துண்டுகள் நன்றாக வந்தன, ஆனால் கறிவேப்பிலை உள்ளே பறந்து ஒட்டிக்கொண்டது, தாளிப்பைத் தனியாகச் செய்து கலக்கவேண்டியிருந்தது. நம் வறுவலின் சுவை பாதி தாளித்த எண்ணெயில்தான் இருக்கிறது. நான்ஸ்டிக் வாணலி முதல் நாளிலிருந்தே ஒட்டாது என்பது உண்மை. ஆனால் அதன் பூச்சு 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறுமனே காயவைக்கக் கூடாது. எனக்கு வேண்டிய பொருக்கு அந்த வெறும் காய்ச்சலில்தான் பிறக்கிறது.

மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்த அளவு சரி. 600 கிராமைத் தாண்டினால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அவியல் ஆகிவிடுகின்றன. விருந்தினர் வந்த அன்று இரண்டு ஈடாக வறுத்தேன். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை தருகிறேன். குறைந்த ஒன்றரையில் ஒன்று அந்த அட்டை வாசகத்துக்கு, அரை காதுகளுக்கு. தாளிப்புக்கும் முட்டைக்கும் எட்டு அங்குலத்தில் இன்னொன்று வாங்க எண்ணம் இருக்கிறது. இம்முறை இணையத்தில் அன்று, உள்பரப்பை விரலால் தடவியும் காதைத் துணியோடு பிடித்துத் தூக்கியும் பார்க்க விடுகிற பாத்திரக்கடையில்.