ரப்பரா, நைலானா, கன்மெட்டலா: மலை ஏறும் வண்டிக்கு எந்த புஷ்?

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது, வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக ஒரு வழியில் போகப் பார்க்கிறதா? டயரைத் திட்டுவதற்கு முன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நுனியையும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஆர்மே ஆடினால், அது வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் குழல் போன்ற புஷ் போய்விட்டது. என் நூறு சிசி வண்டியில் 'டொக்' என்று சத்தமே வந்தது.

எதைப் போடுவது என்பதில்தான் கம்பத்துக்கும் குமுளிக்கும் சண்டை.

ரப்பர் புஷ்ஷில் வெளியே இரும்புக் கூடு, உள்ளே இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். எதுவும் எதோடும் உரசுவதில்லை. ஆர்ம் ஏறி இறங்க ரப்பர் முறுகிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் கிரீஸ் வேண்டாம். வைத்தால் ரப்பர் ஊறிக் கெடும். சேறு போய் அரைக்க இடமே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

கழற்றுவதுதான் பாடு. சுத்தியலால் அடித்தால் ரப்பர் குதிக்கும், கூடு அசையாது. ரப்பரைத் துளைத்து எடுத்து, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு கூட்டை நீளவாக்கில் அறுத்தேன். ஆர்மில் கீறல் விழக்கூடாது என்று பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கவேண்டியிருந்தது. புது புஷ்ஷை இரவு முழுக்க ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன் (வீட்டில் கிடைத்த மரியாதையை எழுத முடியாது). காலையில் ஆர்மில் வெந்நீர் ஊற்றி, மரை போட்ட கம்பி, தடித்த வாஷர், பெரிய சாக்கெட் வைத்து நட்டைத் திருகத் திருக வழுக்கிக்கொண்டு போனது.

ஆனால் முதல் தடவை ஒரு தப்பு செய்தேன். பின்சக்கரம் தொங்கும்போதே, ஆர்மைச் சட்டத்தோடு பிணைக்கும் பிவட் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டேன். அப்படிச் செய்தால் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். கிழிந்தது. வண்டியை இறக்கி, மேலே ஆளை உட்காரவைத்த பிறகுதான் கடைசி இறுக்கு.

நைலான் புஷ் சுலபம். மரச்சுத்தியலால் நாலு தட்டு, முடிந்தது. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கம்பத்து வெயிலில் கச்சிதமாகப் போட்ட புஷ், ஜூன் மழையில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தால் உள்குழாயை இறுக்கிப் பிடிக்கும். லேத்தில் டெல்ரின் என்ற ஈரம் அதிகம் உறிஞ்சாத பிளாஸ்டிக் கம்பியில் கடைந்து வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு.

கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) அழகு. புஷ்ஷும் அதற்குள் சுழல மெருகேற்றிய இரும்புக் குழாயும் கடையவேண்டும். ஆர்மில் ஏற்றியதும் புஷ் கொஞ்சம் சுருங்கும், பிறகு ரீமர் என்ற துளை செதுக்கும் கருவியை விட்டு உள் அளவைச் சரிசெய்யவேண்டும். உள்குழாய் ஒரு மயிரிழை நீளமாக இல்லாவிட்டால் போல்ட் இறுகும்போது ஆர்மும் சேர்ந்து இறுகிவிடும். வீட்டில் செய்யும் வேலையில்லை. குமுளி லேத் சேட்டனிடம் கேட்டபோது, அளவெடுக்கும் முன்பே அவர் கேட்டது ஒன்றுதான்: "மாசாமாசம் கிரீஸ் அடிக்குமோ?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் புரிந்துகொண்டு டீ சொன்னார். கிரீஸ் காய்ந்த கன்மெட்டலில் தோட்டத்துச் சேறு சேர்ந்தால் அது சாணைக்கல்.

ஆகவே மலைமேல் ஓடுகிற வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்கு. பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு உடனே 'ஆமாம்' சொல்கிறவர்களுக்குக் கன்மெட்டல்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாப்பிள்ளை நைலான்தான் உசத்தி என்று இன்னும் அடித்துப் பேசுகிறார். அவர் வண்டி லோயர் கேம்ப் தாண்டி ஏறியதே இல்லை.