சன்ட்ப்ளாமின் சான்டாவா, லயன்டெக்கரின் சான்டாவா?

உலகம் அறிந்த கிறிஸ்துமஸ் தாத்தா (சான்டா), அமெரிக்க ஓவியர் ஹேடன் சன்ட்ப்ளாம் 1931 முதல் 1964 வரை கோகோ கோலா விளம்பரங்களுக்காக எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய உருவம்தான். ஓய்வுபெற்ற விற்பனையாளரான நண்பர் லூ ப்ரென்டிஸ்தான் முதலில் ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தவர். அவர் இறந்தபின் சன்ட்ப்ளாம் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தார். அந்தச் சிவந்த கன்னமும் கண்ணோரச் சுருக்கமும் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவருடையவை போலத் தோன்றுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஜே. சி. லயன்டெக்கர் ஒரு தலைமுறை மூத்தவர். ஏரோ என்ற சட்டைக் காலர் நிறுவனத்தின் விளம்பரங்களால் புகழ்பெற்றவர், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழுக்கு 300-க்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தவர். 1920களிலேயே அவருடைய சான்டாவுக்குச் சிவப்பு உடைதான். அந்த நிறத்தைக் கோலா நிறுவனம் கொடுத்தது என்பது வெறும் கதை.

தூரிகை வேலையில் லயன்டெக்கர்தான் மேல். சாய்வான கோடுகள் அடுக்கடுக்காக விழுந்து, துணி மடிப்புகள் பளபளக்கும்; வெள்ளைப் பின்னணியில் உருவம் சிற்பமாய் நிற்கும். சன்ட்ப்ளாமிடம் அந்தக் கூர்மை கிடையாது. ஈரம் காயுமுன் வண்ணங்களைக் குழைத்து, அடுப்பொளி பட்டதுபோன்ற வெதுவெதுப்பைக் கொண்டுவந்தார்.

சுவரில் மாட்ட ஒன்றுதான் என்றால், என் தேர்வு லயன்டெக்கர். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு சன்ட்ப்ளாம்.