நாலு மடிப்பு வெள்ளைக் கோல்: மூன்று வருடத்துக்குப் பிறகு

விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்த தங்கை ஒருத்தி போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, இனிமே காலேஜுக்குத் தனியாப் போகப் போறேன். உங்க ஸ்டிக் எப்படி உழைக்குது? அதையே வாங்கிடவா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. பார்வையற்ற நான் தட்டி நடக்கும் மடக்குக் கோல் அது. அதன் நாலு குழாயையும் உள்ளே ஓடிச் சேர்த்துப் பிடிக்கும் எலாஸ்டிக் அன்று காலைதான் அறுந்திருந்தது.

அறுந்தது சைதாப்பேட்டையில், சாலையைப் பாதி கடந்த நிலையில். இரண்டு மாதமாகவே தளர்ந்துகொண்டு வந்தது. முனை எங்காவது இடித்தால் நடு மூட்டு கழன்று, 'டிக்' என்று திரும்பச் சேரும். அன்று ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டதை இழுத்தேன். கைப்பிடித் துண்டு மட்டும் கையோடு வந்தது. மீதி மூன்றும் ரோட்டில். இரண்டு பக்கமும் ஹாரன். பூ விற்கும் அம்மா ஒருவர் ஓடி வந்து பொறுக்கிக் கொடுத்து, ஓரம் வரை கூடவே வந்தார்.

வாங்கிய கடைக்கு போன் செய்தால், "எலாஸ்டிக் தனியா வராதும்மா, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். நாலு அலுமினியக் குழாயும் கோணாமல் கொள்ளாமல் இருக்கின்றன. உள்ளே ஓடும் ஒரு கயிற்றுக்காக முழுக் கோலையும் தூக்கிப் போட வேண்டுமா? எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. செருப்பு அறுந்தால் தைக்க ஆள் இருக்கிறது. நான் நடப்பதே இதை நம்பித்தான், இதற்கு யாருமில்லை.

கடைசியில் தையல் சாமான் கடையில் தடிமனான உருண்டை எலாஸ்டிக் 40 ரூபாய்க்குக் கிடைத்தது. கட்டுக்கம்பியின் நுனியைக் கொக்கி போல் வளைத்து, ஒவ்வொரு குழாயாகக் கோர்த்து இழுத்தேன். முதல் முடிச்சில் தொளதொளவென்று ஆடியது. அடுத்ததில் மடக்கவே முடியாத இறுக்கம். மூன்றாவதில்தான் நான்கும் 'டக் டக் டக்'கென்று தாமாக நிமிர்ந்து நின்றன. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சத்தம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இந்தக் கோல் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷமே அதன் சத்தம்தான். நடைபாதையில் கால்வாய் மூடி வந்தால் 'டொம்' என்று வெற்றாக ஒலிக்கும். சுவரோரம் தட்டிக்கொண்டே போனால், சந்து வரும் இடத்தில் எதிரொலி சட்டென்று அறுந்து விரியும். அதை வைத்துத்தான் என் அலுவலகச் சந்தில் திரும்புகிறேன், யாரையும் கேட்பதில்லை. மெட்ரோ நிலையத் தரையில் நீளக் கோடுகள் என்றால் நடக்கலாம், புள்ளிகள் என்றால் நிற்க வேண்டும். இரண்டையும் முனை தனித்தனியாகக் கைக்குச் சொல்லிவிடும். கோலை இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி நடக்கும் முறை, ரிச்சர்ட் ஹூவர் என்பவர் இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக வகுத்தது. இடது கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தட்ட வேண்டும். எனக்குப் பழக மூன்று வாரம் ஆனது. அப்புறம் யோசித்ததே இல்லை.

முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லாரிக் கம்பியும் ஏசி பெட்டியும் இதற்குத் தெரியாது. அதற்கு ஐ.ஐ.டி. டெல்லியில் உருவாக்கிய ஸ்மார்ட்கேன் இருக்கிறது. அது 2014-இல் வந்தது. கைப்பிடியில் இருக்கும் மீயொலிக் கருவி 3 மீட்டர் வரை உணர்ந்து அதிரும். தோழி ஒருத்தி வைத்திருக்கிறாள், நெற்றியில் அடிபடுவது குறைந்தது என்கிறாள். ஆனால் அதையும் மடக்குக் கோலில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அதனால், தங்கைக்கு என் பதில்: மடக்குக் கோல் வாங்காதே. மடக்காத ஒற்றைக் குழாய்க் கோல் வாங்கு. மின்சார ரயில் நெரிசலில் இடைஞ்சல்தான், தெரியும். நடு ரோட்டில் கைப்பிடியோடு மட்டும் நின்றவள் இந்த வாரம் வேறு எதையும் சொல்ல மாட்டாள். நேராக நின்றால் நெஞ்செலும்பு வரை வரும் உயரம் பார். கீழ்முனை தேயும், இரண்டு உபரி வாங்கி வை. இதற்குள் மடக்குக் கோலே வாங்கிவிட்டாய் என்றால், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. எலாஸ்டிக் கோர்க்கச் சொல்லித் தருகிறேன்.